வாசல் செம்பருத்தியில் ஒரு கூடு

என் கணவர் நிக்கனோருக்குக் கையில் வெட்டுக்கத்தி வந்துவிட்டால் கண் தெரியாது. மற்ற நேரங்களில் நல்ல பார்வைதான். எதிர்ச்சரிவில் மேய்கிற மாடு யாருடையது என்று எங்கள் வாசலில் நின்றே சொல்லிவிடுவார். ஆனால் சனிக்கிழமை காலை காப்பியைக் குடித்துவிட்டு, கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முற்றத்தில் இறங்கினாரென்றால், பச்சையாக இருப்பதெல்லாம் அவருக்குக் களைதான். நான் நட்ட செடி, தானாக முளைத்த செடி, கடவுள் வைத்த செடி, எல்லாவற்றுக்கும் ஒரே வெட்டு.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் மலையூர் பியெத்ரா அல்தாவில் முற்றம் மொட்டையாக இருந்தால்தான் அந்த வீட்டில் ஆண்பிள்ளை இருக்கிறான் என்று அர்த்தம். புல் கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், "என்ன, வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்க ஆள் வந்துவிடும். அதோடு நிக்கனோருக்குத் தனியாக ஒரு பயமும் உண்டு. அவருடைய தம்பி எலீயோவைச் சின்ன வயதில் வாழையடியில் குழிவிரியன் பாம்பு கடித்து, காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து புல் கணுக்காலைத் தாண்டினாலே இவருக்குத் தூக்கம் வராது. அந்தப் பயத்தை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை. கேலி செய்ய எனக்கு வேறு எத்தனையோ விஷயங்களை அவர் கொடுத்திருக்கிறார்.

எனக்குப் பிடித்த பைத்தியம் வேறு. எங்கள் வீட்டில் துணி துவைக்கும் தொட்டி முன்பக்கம், சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. பாதி ஆயுளை நான் அங்கேதான் கழித்திருக்கிறேன். ஒருமுறை யாரோ வெட்டிப்போட்ட செம்பருத்திக் குச்சி ஒன்றைத் தொட்டித் தண்ணீர் போய் விழுகிற இடத்தில் சும்மா செருகி வைத்தேன். பூ விரியாமல் சுருண்டே தொங்குமே, அந்த மிளகாய்ச் செம்பருத்தி. அது பூத்ததும் ஒரு ரீங்காரச்சிட்டு வந்தது. தேனைக் குடித்து முடித்துவிட்டு, சோப்பு நுரைக் கையோடு நின்ற என் மூக்குக்கு நேரே வந்து, அந்தரத்தில் நின்று, 'நீ யாரடி?' என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தது. இருக்கிறது கட்டைவிரல் அளவு, அதற்கு என்ன திமிர்! அந்தத் திமிர் எனக்குப் பிடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை நிக்கனோர் அந்தச் செடியை வெட்டினார்.

"களைன்னு நெனச்சேன்."

"பூத்திருந்துச்சே கிழவரே!"

"ஏன், களை பூக்காதா?"

மறுபடி நட்டேன். மறுபடி வெட்டினார். குச்சிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினேன். ரிப்பனோடு சேர்த்து வெட்டினார். சுற்றிக் கல் அடுக்கினேன். கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெட்டினார். இதையெல்லாம் வேண்டுமென்று செய்கிற ஆளாக இருந்தால் என்றைக்கோ ஒரு கை பார்த்திருப்பேன். அவர் வாயில் சீட்டியடித்துக்கொண்டு, ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற முகத்தோடு அல்லவா வெட்டிக்கொண்டிருந்தார்!

கடைசியில் ஒருநாள் கத்தியை மக்காச்சோள மூட்டைக்குள் புதைத்துவிட்டு, தொட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். தேடித் தேடி அலுத்து வந்து நின்றார்.

"கத்தி எங்க கிழவி?"

"முதல்ல பேசி முடிப்போம். சாலையோரப் பட்டை எனக்கு. வீட்டைச் சுத்தி மத்ததெல்லாம் உங்களுக்கு. நடுவுல சுண்ணாம்பு அடிச்ச கல்லு வைக்கிறேன். கல்லைத் தாண்டி உங்க கத்தி வந்துச்சு, இந்த வீட்டுல அடுப்பு எரியாது."

"பாம்பு வந்தா?"

"வந்தா என் பட்டையிலதானே வரும்? என்னைக் கடிக்கட்டும். உங்களுக்கு நிம்மதி."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பாம்பைப் பற்றி யோசித்தாரா, அடுப்பைப் பற்றி யோசித்தாரா, தெரியாது. சரி என்றார்.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? கல்யாண முருங்கைக் கம்புகளை வேலிக்கு ஊன்றினேன். அவை நட்ட கையோடு உயிர் பிடித்தன. சீமை நாயுருவியை நீளமாக ஒரு வரிசை விட்டேன். அதன் நீலப்பூவுக்கு எங்கிருந்துதான் வருமோ, சிட்டுகள் சண்டை போட்டுக்கொண்டு வரும். உன்னிச்செடி வைத்தேன். ஆற்றங்கரையிலிருந்து பேர் தெரியாத ஒரு ஆரஞ்சுக் குழல்பூச் செடியை வேரோடு கிளப்பி வந்தேன். வாசல் கேட்டுக்கு அடுத்தாற்போல், சாலைப் பக்கமாக, என் மிளகாய்ச் செம்பருத்தி. ஊர் சும்மா இருக்குமா? நாலு வீடு தள்ளியிருக்கும் மாட்டுவண்டிக்காரர் தர்சீசியோ போகிறபோதும் வருகிறபோதும் நின்று, 'தோன்யா' என்று மரியாதையாகக் கூப்பிட்டே வம்பிழுப்பார்.

"தோன்யா எதெல்மீரா, உங்க வீட்டைக் காணோமே, காடு முழுங்கிடுச்சா?"

"வீடு உள்ளதான் இருக்கு தோன் தர்சீசியோ. நீங்க வந்தா வழி தெரியக்கூடாதுன்னுதான் மறைச்சு வச்சிருக்கேன்."

பறவைகள் வந்தன. தின்றன, குளித்தன, ஒன்றையொன்று விரட்டின. சாம்பல் நீலக் குருவி ஜோடி முருங்கைப்பூவைப் பிய்த்துப் போட்டது. மழைக்கு முன்னால் யிகிர்ரோக் குருவிகள் கிளையில் உட்கார்ந்து, மேகத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கிழியப் பாடின. எல்லாம் வந்தன. ஆனால் ஒன்றுகூட அங்கே கூடு கட்டவில்லை. வருஷா வருஷம் பார்த்தேன், இல்லை. நிக்கனோருக்கு அது போதாதா?

"உன் ஓட்டல்ல எல்லாரும் சாப்பிட்டுட்டு நடையைக் கட்டுறாங்க கிழவி. தங்குறதுக்கு ஒருத்தரும் இல்ல."

சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு வலித்தது. எங்களுக்குப் பிள்ளையில்லை. அதை அவர் நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் வாய்திறந்து சொன்னதில்லை. ஒரு கூடு வந்தே தீரவேண்டும் என்று மட்டும் ஒற்றைக்காலில் நின்றேன்.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த சமயம், ஒரு சிட்டு சமையலறை இறவாரத்துச் சிலந்திவலையைக் கொத்துவதைப் பார்த்தேன். பூச்சியைத்தான் பிடிக்கிறது என்று நினைத்தேன். வலையை அலகில் சுற்றிக்கொண்டு பறந்தது. மறுபடி வந்தது. மறுபடி சுற்றிக்கொண்டு போனது. துணியைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, கண்ணை எடுக்காமல் பின்னாலேயே போனேன். வாசல் செம்பருத்தியில், சாலைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கிளையின் கவட்டில், பிழிந்த எலுமிச்சை மூடி அளவுக்கு ஒரு கூடு பாதி முடிந்திருந்தது. பஞ்சு, பாசி, எங்கள் வீட்டு ஒட்டடை. சேசு மரியாயே! எத்தனையோ பூ இருக்கிற வேலியில், எல்லாரும் நடமாடுகிற வாசலில், மனுஷன் கை எட்டுகிற உயரத்தில்தானா இதற்கு இடம் கிடைத்தது?

கூடு முடிந்து முட்டை வைத்தபோதுதான் அந்தச் செய்தியும் வந்தது.

மே மாதம் எங்கள் ஊரில் புனித இசிதோர் திருவிழா. உழவர்களின் பாதுகாவலர் அவர். அவருடைய சுரூபத்தை வண்ணம் தீட்டிய மாட்டுவண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றி வருவோம். எந்த மாடுகள் சுரூபத்தை இழுப்பது என்று சில வாரம் முன்னாலேயே ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டிக்காரர்கள் பேரைத் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஒருமுறை பேர் வந்தவருடைய சீட்டை அப்புறம் தொப்பியில் போடமாட்டார்கள். ஆயுளுக்கு ஒருதடவைதான். பேர் வராமலே செத்துப்போன வண்டிக்காரர்கள் எத்தனையோ பேர். நிக்கனோரின் அப்பா அப்படித்தான் போனார். இந்த வருஷம் சீட்டில் வந்த பேர் நிக்கனோர்.

அவர் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, "கிழவி, வந்துடுச்சு" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும் வந்தது. அன்று இருவரும் வெல்லத் தண்ணீரைச் சுடச்சுடக் குடித்துக்கொண்டு, அவர் மாடுகள் பிந்தோவையும் கனேலோவையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நுகத்தடிக்குப் புது வர்ணம், கொம்புக்குப் புதுத் தோல்வார். அப்புறம் அவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"சுரூபம் நம்ம வாசல்ல நிக்கும். சாமியார் வந்து மந்திரிச்சு, மைக்குல நம்ம பேரைச் சொல்லுவாங்க."

"தெரியும்."

"ஊரே வாசல்ல நிக்கும் கிழவி. இந்தப் புதரோட…"

"வாய மூடுங்க."

"ஒருநாள்தானே. வெட்டினா வளராதா?"

"செடி வளரும். முட்டை வளருமா?"

சண்டை பிடித்துக்கொண்டது. அவர் எலீயோவின் காலைப் பேச்சில் இழுத்தார். நான் சுண்ணாம்புக் கல்லைக் காட்டினேன். 'எங்கப்பாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைச்சிருக்கு' என்றார். 'எனக்குக் கிடைக்காதது அந்தச் செடியில கிடைச்சிருக்கு' என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் எழுந்து மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

குஞ்சு பொரித்த பிறகு ஒருநாள், முகம் மழிக்கிற கண்ணாடியை மூங்கில் குச்சியில் கட்டிக்கொண்டு அவரே செம்பருத்திப் பக்கம் போனார். தாய்ப்பறவை பூவுக்குப் போயிருந்த நேரம். கூட்டுக்கு மேலே கண்ணாடியைப் பிடித்துக் கழுத்தை வளைத்துப் பார்த்தார்.

"இது என்ன, குஞ்சா காப்பிக்கொட்டையா?"

"எத்தனை தெரியுது?"

"ரெண்டு. ஒண்ணு வாயத் தொறக்குது. உன்னை மாதிரியே."

குச்சியை இறக்கிவிட்டு, சட்டையில் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, விடு. உன் வேலியை யாரும் தொடமாட்டாங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். நிக்கனோர் சொன்னால் சொன்னதுதான். நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் எங்கள் ஊர் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அதை நான் மறந்துபோனேன். யார் மாடுகள் சுரூபத்தை இழுக்கின்றனவோ, அவர் வீட்டு முற்றத்தை மற்ற வண்டிக்காரர்கள் சேர்ந்து வந்து சுத்தம் செய்வார்கள். அவர் 'வேண்டாம் வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் அவருக்கு மரியாதை தெரியாது. அவர் சொன்னதைக் கேட்டு வராமல் இருந்துவிட்டால் இவர்களுக்கு மரியாதை தெரியாது. நிக்கனோர் தர்சீசியோவிடம் ஒன்றுக்கு மூன்று தரமாகச் சொல்லியிருக்கிறார்: வரவேண்டாம், வேலியைத் தொடவேண்டாம், என் வீட்டுக்காரிக்குப் பிடிக்காது என்று. தர்சீசியோ கேட்டுச் சிரித்து, அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, 'என்ன அடக்கம் பாரு நம்மாளுக்கு' என்று மற்றவர்களிடம் சொன்னாராம்.

திருவிழாவுக்கு முதல்நாள் நான் கோவில் சமையல்கட்டில் மற்றப் பெண்களோடு அரகாச்சேக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். நிக்கனோர் மாடுகளைக் குளிப்பாட்ட ஆற்றுக்குப் போயிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வண்டிக்காரர் ஒருவரின் மனைவி ஒதிலியா கிழங்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ போறதுக்குள்ள உன் வீடு மாப்பிள்ளை வீடு மாதிரி ஆயிடும் பாரு. எங்க வீட்டுக்காரர் கத்தியோட காலையிலேயே போயிட்டார்."

"எங்க போயிட்டார்?"

"உன் வீட்டுக்குத்தான். வேற எங்க?"

எழுந்து ஓடினேன். மடியிலிருந்த கிழங்குத் தோலெல்லாம் வழியெங்கும் கொட்டியது. இந்த இடுப்போடு நான் ஓடி எத்தனை வருஷம் ஆயிற்று! திருப்பத்திலேயே கத்திகள் கேட்டன. வீட்டு முன்னால் வந்து நின்றபோது எங்கள் வீடு முழுசாகத் தெரிந்தது. அவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாகச் சாலையிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு தெரிந்தது. நீலப்பூ வரிசை தரையோடு கிடந்தது. உன்னிச்செடி போயிற்று. ஆரஞ்சுப் பூ போயிற்று. முருங்கைக் கம்புகள் மொட்டையாக நின்றன. வியர்க்க விறுவிறுக்க, மனசு நிறைந்த முகத்தோடு ஏழெட்டுப் பேர். தர்சீசியோ வாசல் செம்பருத்தியின் அடித்தண்டைக் கையால் பிடித்துச் சாய்த்துக்கொண்டு கத்தியை ஓங்கியிருந்தார்.

"தர்சீசியோ! அந்தக் கை இறங்கிச்சு, அடுத்த வெட்டு என் மேலதான் விழும்!"

அவர் திரும்புவதற்குள் செடிக்கும் கத்திக்கும் நடுவில் புகுந்துவிட்டேன். அவர் கையை அப்படியே உயரத்தில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"தோன்யா எதெல்மீரா, என்னாச்சு? இது ஒண்ணுதான் பாக்கி. முடிச்சுட்டா…"

"செடியை விடுங்க. மெதுவா விடுங்க. கிளை ஆடக்கூடாது."

"நிக்கனோர் வேணாம்னுதான் சொன்னார். ஆனா அது…"

"வேணாம்னா வேணாம்! இந்த ஊர்ல ஒரு மனுஷன் வேணாம்னு சொல்றதுக்கு வேற என்னதான் செய்யணும், செத்துக் காட்டணுமா?"

நான் கூட்டைக் காட்டினேன். அவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். தர்சீசியோ தொப்பியைக் கழற்றினார். நல்ல மனுஷன்தான், எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். இவர்களுக்குக் காப்பி அல்லவா கொடுத்து அனுப்பவேண்டும்? கொடுக்கவில்லை. போகச் சொன்னேன்.

அவர்கள் போனதும் தொட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். எத்தனை நேரம் அழ முடியும்? தாய்ப்பறவை மின்கம்பியில் வந்து உட்கார்ந்து, பூவெல்லாம் எங்கே என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. செம்பருத்தி ஒன்றில் இருக்கிற பூ இரண்டு குஞ்சுக்கும் ஒரு தாய்க்கும் எப்படிப் போதும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வெட்டுப்பட்டுக் கிடந்தவற்றில் பூவுள்ள கிளைகளையெல்லாம் பொறுக்கினேன். வீட்டிலிருந்த வாளி, பால் கேன், சோற்றுப்பானை, பூசைக்குப் போட்டுப்போகிற பூட்ஸ்கூட விடவில்லை, எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி, கிளைகளைச் சொருகி, வேலி இருந்த இடத்தில் வரிசையாக வைத்தேன்.

நிக்கனோர் ஈர மாடுகளோடு வந்தார். மொட்டைப் பட்டையைப் பார்த்தார். வாளிகளைப் பார்த்தார். தன் பூட்ஸில் நீலப்பூ நிற்பதைப் பார்த்தார். மாடுகளைக் கட்டிவிட்டு வந்து, காலியாயிருந்த பானையை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்தார்.

"மூணு தரம் சொன்னேன் கிழவி."

"தெரியும்."

"நாலாவது தரம் சொல்லியிருக்கணும்."

தாய் இறங்கி வந்தது. பூட்ஸில் இருந்த பூவில்தான் முதலில் குடித்தது. பிறகு கூட்டுக்குப் போய், அலகைக் குஞ்சின் தொண்டைக்குள் தையல் ஊசி மாதிரி விட்டு எடுத்தது. எனக்குப் போன உயிர் வந்தது. அப்போதுதான் அடுத்த பயம் பிடித்தது. சுரூப வண்டி கேட்டுக்கு நேரே நின்றால், மாடுகளின் வாய் எங்கே இருக்கும்? செம்பருத்தியில் இருக்கும். செம்பருத்தித் தழை என்றால் கனேலோவுக்கு உயிர். இரண்டையும் ஒரே நுகத்தில் கொம்போடு கட்டியிருப்பதால், அது தலையைத் திருப்பினால் பிந்தோவும் திருப்பித்தான் ஆகவேண்டும். இரண்டு நாக்கு, ஒரு கிளை.

"கொஞ்சம் முன்னாடி நிறுத்தலாமே" என்றேன்.

"சுரூபம் வாசலுக்கு நேராத்தான் நிக்கணும். அது முறை."

"அப்ப நிறுத்தாம போங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது. "அதை மட்டும் கேக்காத கிழவி" என்றார். நான் விட்டுவிட்டேன். மாட்டுக்கும் செடிக்கும் நடுவில் நான் நிற்கிறேன், என்னை மிதித்துவிட்டுத் தின்னட்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் வெயில் நன்றாக இருந்தது. மழை மதியத்துக்கு மேல் வரும் என்று மலை சொன்னது. நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு செம்பருத்திக்கு முன்னால் போய் நின்றேன். முதலில் வாத்தியக் கோஷ்டி வந்தது. பிறகு பங்குச்சாமியார், தீர்த்தச் சொம்பு, ஒலிபெருக்கி கட்டிய பிக்கப். பின்னால் இசிதோர் சோளத்தட்டையும் பூவுமாக வண்டியில் அசைந்து அசைந்து வந்தார். மாடுகளுக்கு முன்னால், அவற்றைப் பார்த்தபடி பின்னடி வைத்து, வெள்ளைச் சட்டையில் நிக்கனோர். அவர் தார்க்குச்சியை நுகத்தின்மேல் படுக்க வைத்தால் மாடுகள் நிற்கும், எடுத்தால் நடக்கும். குத்தி நான் பார்த்ததில்லை. என் புருஷன் அன்றைக்குப் போல அழகாக இருந்து நான் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூட.

எங்கள் வீட்டை நெருங்கியதும் ஒலிபெருக்கி முழங்கியது: "இந்த ஆண்டு நமது பாதுகாவலரைச் சுமந்து வரும் தோன் நிக்கனோர் அவர்களின் இல்லத்தின் முன்…" ஜனம் கைதட்டியது. தாய்ப்பறவை விருட்டென்று கூட்டைவிட்டுக் கம்பிக்குப் பறந்தது. கனேலோவின் மூக்கு விரிந்தது. பால் கேனிலிருந்த ஒரு நீலக்கொத்தை நாக்கால் சுருட்டி இழுத்தது, கேன் உருண்டது. அடுத்து நான். என் முகத்தில் அதன் மூச்சு பட்டது. இரண்டு கையையும் விரித்தேன். மாட்டுத்தலைக்கு என் கை எம்மாத்திரம்? என் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டியது. பின்னால் கிளை அசைகிற சத்தம் கேட்டது. "நிக்கனோர்!" என்று கத்தினேன். வாத்தியச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

அவர் தார்க்குச்சியை நுகத்துக்கு மேலே கொண்டுவந்திருந்தார். வைக்கவேண்டியதுதான் பாக்கி. சாமியார் தீர்த்தத்தை அள்ளியாயிற்று. நிக்கனோர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு இசிதோரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஹை! ஹை! நட ராஜா, நட!"

குச்சியை எடுத்துவிட்டார். கனேலோ தலையைத் திருப்பியது, பிந்தோவும் திருப்பியது, சக்கரங்கள் நகர்ந்தன. அள்ளிய தீர்த்தம் சாலையில் விழுந்தது. கைதட்டல் பாதியில் நின்றது. இசிதோர் எங்கள் வாசலைக் கடந்து, எங்கள் தொட்டியைக் கடந்து, என்னைக் கடந்து போனார். நிக்கனோர் மாடுகளை விட்டுக் கண் எடுக்காமல் பின்னடி வைத்து நடந்துகொண்டே இருந்தார். நாலு வீடு தள்ளித்தான் குச்சி நுகத்தில் படுத்தது. தர்சீசியோ வீட்டு வாசல். அங்கே சாமியார் மந்திரித்தார். ஒலிபெருக்கிக்காரருக்கு யார் பேரைச் சொல்வதென்று தெரியவில்லை, ஒருவர் பேரையும் சொல்லவில்லை.

கோவில் சாப்பாட்டில் சாமியாரே வந்து கேட்டார் என்று ஒதிலியா பிறகு சொன்னாள்.

"என்ன தோன் நிக்கனோர், உங்க வாசல்ல நிக்கலையே?"

"மாடு நிக்கல சாமி."

நிக்கனோரின் மாடுகள் அவர் கண் சிமிட்டினாலே நிற்கும் என்பது அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். தர்சீசியோ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாராம்.

நான் சாப்பாட்டுக்குப் போகவில்லை. செம்பருத்தியடியிலேயே இருந்தேன். தூறல் தொடங்கியபோது அவர் வந்தார். மாடுகளை அவிழ்த்தார். கொம்பிலிருந்து புதுத் தோல்வாரைக் கழற்றி, துடைத்து, சுருட்டி வைத்தார். வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் என் பக்கம் வந்து நின்றார்.

"குஞ்சு இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

தலையை ஆட்டிக்கொண்டார். தாய்ப்பறவை கூட்டின் மேல் இறங்கி, இறகை விரித்து, மழை உள்ளே விழாமல் உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பாவை நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றினார். அவர் கையைப் பிடித்தேன். தார்க்குச்சி பிடித்துக் காய்த்துப்போன கை. பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரிகிற மாதிரியே அழுதேன்.

"அழாத கிழவி. பசிக்குது, சோறு போடு."

உள்ளே போய் அடுப்பை மூட்டினேன்.